டேபிள் போடறதுக்கு முன்னாடி எங்க நோட்டைப் பாருங்க: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்க ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும், புது சாஃப்ட்வேர் செஞ்சு தர்ற கம்பெனியோட டிசைன் டீமுக்கும்,

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு, "டேட்டாபேஸ் டிசைன் ஃபைனல்"னு பேரு. கீழ ஒரு வரி: ஆட்சேபனை இருந்தா திங்கக்கிழமை காலைக்குள்ள சொல்லணும், இல்லன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம். நாப்பது சொச்சம் டேபிள் (தகவலை வரிசை வரிசையா வைக்கற பட்டியல்), கட்டம் கட்டமா, கோடு கோடா. ஓ.பி. கவுண்டர்ல உக்கார்ற பொண்ணுங்க, வார்டு சிஸ்டர்ங்க, லேப் ஆளுங்க யாருக்கும் அது புரியல, புரியணும்னு அனுப்பினவங்க நினைச்ச மாதிரியும் தெரியல. எனக்குப் புரிஞ்சுது, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிட்டு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல வேலை பாக்கறவன் நான். புரிஞ்சதாலதான் சும்மா இருக்க முடியல. குரூப்ல ரெண்டு வரி போட்டா நாலு தம்ஸ்-அப் விழும், அடுத்து யாராவது குட்மார்னிங் போட்டதும் மேல போயிடும். அதனால பொதுவுல எழுதறேன், ஆஸ்பத்திரி பேரும் கம்பெனி பேரும் போடல.

கம்பெனி பசங்க மேல எனக்குக் கோவம் இல்ல. டிசைன் பாக்க சுத்தமாத்தான் இருக்கு, நார்மலைசேஷன் (ஒரே தகவலை ரெண்டு இடத்துல வைக்காம பிரிக்கறது) ஒழுங்கா பண்ணியிருக்காங்க, ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொண்ணோட கோக்கற தொடுப்பு) எல்லாம் சரியா விழுந்திருக்கு, காலேஜ்ல காட்டினா தாராளமா மார்க் போடுவாங்க. ஆனா பில்லிங் பக்கம் போய்ப் பாருங்க, அட்வான்ஸ் தனி, ரீஃபண்ட் தனி, டிஸ்கவுன்ட் யாரு அப்ரூவ் பண்ணது, என்ன காரணம், எல்லாம் அழகா பிரிச்சு வச்சிருக்கு. பேஷன்ட் பக்கம் வந்தா ஒரே ஒரு டேபிள். டிசைன் பண்ண வந்தவங்க அக்கவுன்ட்ஸ் ரூம்லதான் உக்காந்திருந்தாங்க, ஏசி அங்கதான் இருக்கு, தப்பு சொல்லல. அக்கவுன்ட்ஸ்ல என்னென்ன ரிப்போர்ட் வேணும்னு லிஸ்ட் குடுத்தாங்க, அந்த லிஸ்ட்ல இருந்து டேபிள் முளைச்சிருக்கு. கேட்டவங்களுக்கு வேண்டியது முழுசா கிடைச்சிருக்குன்னா உங்க டீமுக்குக் கேட்டு செய்யத் தெரியும்னுதானே அர்த்தம்? எங்ககிட்ட யாரும் கேக்கல, அதுதான் என் ஆட்சேபனை மொத்தமும்.

டேட்டாவை டேபிள் டேபிளா வச்சு ஒண்ணோட ஒண்ணைக் கோக்கற ரிலேஷனல் டேட்டாபேஸ்ங்கற யோசனையை 1970ல ஐபிஎம்ல இருந்த எட்கர் கோட் ஒரு கட்டுரையா எழுதினார், இன்னைக்கு நாம பேசற டேபிள், கீ எல்லாம் அங்க இருந்து வந்ததுதான். அதோட முதல் வாக்கியமே டேட்டாவை யூஸ் பண்ணப்போற ஆளுங்களைப் பத்தித்தான், மெஷினுக்குள்ள டேட்டாவை எப்படி அடுக்கி வச்சிருக்குன்னு தெரிஞ்சுக்கற தலைவலி அவங்களுக்கு இருக்கக்கூடாதுங்கறார். எங்க கவுண்டர்ல அப்படியே தலைகீழ், சிஸ்டம் உள்ள எப்படி யோசிக்குதுன்னு தெரிஞ்ச ஆளாலதான் ஒரு ஓ.பி. சீட்டே போட முடியும். புதுசா சேர்ற பொண்ணுக்கு முதல் வாரம் முழுக்க நாங்க சொல்லிக்குடுக்கறது இதைத்தான், "இங்க புள்ளி வையி, அங்க பூஜ்யம் போடு, இதைக் கேட்டா எஸ்கேப் அடி".

இந்தப் பில்டிங்ல எந்தக் கம்ப்யூட்டர் பக்கத்துலயும் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கும், பாத்திருக்கீங்களா? ஓ.பி. கவுண்டர் நோட்டுல நம்பர், பேரு, ஊருன்னு கோடு போட்டு கடைசியா தலைப்பே இல்லாம ஒரு காலம் (மேல இருந்து கீழ வர்ற பத்தி) இருக்கும், உயிர் அங்கதான் இருக்கு. "செல்வி, சவுண்டு சர்வீஸ்காரர் சம்சாரம்." அடுத்த வரி, "செல்வி, பால்வாடி டீச்சர், முந்தின செல்வி இல்ல." "முருகேசன், கால் எடுத்தவர், போன் மகன்கிட்ட, மகன் திருப்பூர்." (பேரெல்லாம் மாத்தித்தான் எழுதறேன்.) பார்மசி நோட்டுல டாக்டர் எழுதின மாத்திரை ஸ்டாக் இல்லாதப்ப போன்ல கேட்டு மாத்திக் குடுத்த மாத்திரை என்ன, எந்த டாக்டர் சொன்னாரு, எத்தனை மணிக்குன்னு இருக்கும். லேப் நோட்டுல ரத்தம் உறைஞ்சுபோய் திரும்ப எடுக்கச் சொன்ன சாம்பிள் எல்லாம் இருக்கும். சிஸ்டத்துல இடம் கிடைக்காததெல்லாம் நோட்டுல வந்து ஒதுங்குது. உங்களுக்கு ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் வேணும்னா இந்த நோட்டுங்களைவிட நல்ல டாக்குமென்ட் உலகத்துல யாரும் எழுதித் தர மாட்டாங்க, சும்மா கிடக்கு, வந்து பாக்க ஆள்தான் இல்ல.

இனி பிடிஎஃப்ல இருக்கறதுக்கு வர்றேன்.

பேரு. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் ரெண்டும் கட்டாயம்னு போட்டிருக்கீங்க. நம்ம ஊர்ல யாருக்குய்யா லாஸ்ட் நேம் இருக்கு? இனிஷியல் இருக்கு, அது அப்பா பேரோட எழுத்து. பழைய சாஃப்ட்வேர்லயும் இதே கூத்துதான், அதனால ஒரு ஷிஃப்ட்ல லாஸ்ட் நேம்ல அப்பா பேரு ஏறும், அடுத்த ஷிஃப்ட்ல வெறும் புள்ளி, இன்னொரு பொண்ணு அதே பேரை ரெண்டு தடவை அடிச்சிடும், ஒரே ஆளுக்கு மூணு ஃபைல். கல்யாணம் ஆனப்புறம் சில பேர் புருஷன் இனிஷியலுக்கு மாறுவாங்க, பழைய ஃபைல் அப்பா இனிஷியல்லயே கிடக்கும், ரெண்டும் ஒரே ஆள்னு கண்டுபிடிக்க வழியில்ல. இன்சூரன்ஸ் டெஸ்க்ல கேட்டுப் பாருங்க, ஆதார்ல இனிஷியல் பின்னாடி, காப்பீட்டுக் கார்டுல முன்னாடி, எங்க ஃபைல்ல இனிஷியலே இல்ல, டிஸ்சார்ஜ் ஆகி பெட்டைக் காலி பண்ண ஆளு சாயங்காலம் வரைக்கும் வராண்டாவுல உக்காந்திருப்பாரு.

அதே பேருல இன்னொண்ணு, இதை உங்க டீம்ல யாரும் கவனிக்கலன்னு நினைக்கறேன். தமிழ்லயும் பேரு ஏத்தலாம்னு போட்டிருக்கீங்க, சந்தோஷம், ஆனா நீளம் 30 பைட் (கம்ப்யூட்டர்ல இடத்தை அளக்கற அலகு). கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கற யுடிஎஃப்-8 முறையில தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொண்ணும் 3 பைட் பிடிக்கும், அதுலயும் புள்ளி, கொம்பு, காலு எல்லாம் தனித்தனிக் குறி. மீனாட்சிசுந்தரம்னு ஒருத்தர் வந்தா கண்ணுக்கு 9 எழுத்து, உள்ள 16 குறி, 48 பைட். ஒண்ணு எரர் அடிக்கும், இல்லன்னா அவரு "மீனாட்சிசு"ன்னு பாதியில நிப்பாரு. அதே பேரு இங்கிலீஷ்ல 17 எழுத்து, 17 பைட், ஜம்முனு உக்காரும். இங்கிலீஷ்ல மட்டும் டெஸ்ட் பண்ணா இது கடைசி வரைக்கும் தெரியாது, மருந்துச் சீட்டுல தமிழ்ல பேரு பிரிண்ட் ஆகற அன்னைக்குத்தான் தெரியும்.

மொபைல் நம்பர்தான் எனக்கு ராத்தூக்கம் போன இடம். பேஷன்ட் டேபிள்ல அதை யூனிக்னு வச்சிருக்கீங்க, ஒரு நம்பருக்கு ஒரு ஆளு. எங்களுக்கு வர்ற சுத்துப்பட்டு கிராமத்துல ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான் ரீசார்ஜ்ல இருக்கும், பாட்டி, மருமக, பேரப்புள்ள மூணு பேருக்கும் அதே நம்பர். யூனிக்னு வச்சா கவுண்டர்ல என்ன நடக்கும்னு நான் சொல்லவா? பாட்டி நம்பர்ல ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்குன்னு சிஸ்டம் மறிக்கும், பின்னாடி வரிசையில நாப்பது பேர் நிப்பாங்க, அந்தப் பொண்ணு ஒண்ணு பாட்டி ஃபைல்லயே மருமகளையும் ஏத்தும், இல்லன்னா தன் சொந்த போன் நம்பரைக் கடைசி எண்ணை மாத்தி அடிக்கும். முதல்ல சொன்னது நடந்தா பாட்டியோட சுகர் ரிப்போர்ட் கர்ப்பமா இருக்கற மருமக ஃபைல்ல நிக்கும். போதாததுக்கு கனெக்‌ஷன் கட் ஆன நம்பரை 90 நாள் கழிச்சு டெலிகாம் கம்பெனி வேற ஆளுக்குக் குடுக்கலாம், அந்தப் புது ஆளு உங்க ஆப்ல ஓடிபி போட்டு உள்ள வந்தா யாரோ ஒருத்தரோட எச்ஐவி ரிசல்ட்ல இருந்து எல்லாத்தையும் பாக்கலாம். போன் நம்பர்ங்கறது ஒரு ஆளைக் கூப்பிடற வழி மட்டும்தான், ஆளுக்கு அடையாளமா அதை வைக்காதீங்க.

அடுத்தது லேபர் வார்டு. அங்க ராத்திரி டூட்டி பாக்கற சிஸ்டர்கிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா போதும். குழந்தை பொறந்ததும் பேரு கிடையாது, "பேபி ஆஃப் செல்வி"ன்னுதான் டேக் கட்டுவாங்க. பேரு இல்லாம குழந்தை இருக்கறது சட்டத்துலயே அனுமதிச்ச விஷயம், பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், பேரை அப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள கட்டணமில்லாம சேக்கலாம், அதுக்கு மேலயும் 15 வருஷம் வரைக்கும் லேட் ஃபீஸ் கட்டி சேக்கலாம். உங்க டேபிள்ல பேரு காலியா இருந்தா சேவ் ஆகாது. சரி, "பேபி ஆஃப்"னு போட்டுக்குவோம், இரட்டைப் புள்ள பொறந்தா? ஒரே அம்மா, ஒரே தேதி, ரெண்டும் பொண்ணு, ஒரே போன். உங்க டூப்ளிகேட் செக் பேரு, பிறந்த தேதி, பால், மொபைல் நாலையும் பாத்து "இந்த பேஷன்ட் ஏற்கெனவே உள்ளார்"னு சொல்லும். பழைய சிஸ்டமும் அதைத்தான் சொல்லுச்சு, அதனால ரெண்டாவது குழந்தைக்கு சிஸ்டர்ங்க பேருக்குப் பின்னாடி ஒரு புள்ளி வைப்பாங்க. "பேபி ஆஃப் செல்வி", "பேபி ஆஃப் செல்வி." அந்த ஒரு புள்ளியை நம்பித்தான் ரெண்டு குழந்தையோட பிலிருபின் (மஞ்சக்காமாலை அளவு) ரிசல்ட்டும் தனித்தனியா நிக்குது, ஸ்டிக்கர் பிரிண்டர்ல மை குறைஞ்சா புள்ளி விழாது. எந்தக் குழந்தையை லைட்டுக்கு அடியில வைக்கணும்னு லேப்புக்கு போன் அடிச்சு சாம்பிள் எடுத்த நேரத்தை வச்சுக் கண்டுபிடிச்ச ராத்திரியெல்லாம் இங்க உண்டு, லேபர் வார்டு நோட்டுல தேதியோட இருக்கு. அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரு தொடுப்பு, எத்தனையாவது குழந்தைங்கறதுக்கு ஒரு காலம், இவ்வளவுதான் கேக்கறோம்.

பிறந்த தேதியும் கட்டாயமாம். எழுவது வயசுப் பாட்டிகிட்ட கேட்டா "தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப எனக்கு விவரம் தெரியும்"னு சொல்லும், 1964ல புயல், அதுல இருந்து பின்னாடி எண்ணி நாங்க 01/01னு போட்டு ஒரு வருஷத்தைப் போடுவோம். ஆதார்லயே பிறந்த தேதி உறுதியானதா, அவங்க சொன்னதா, தோராயமான்னு பிரிச்சுப் பதியறாங்க, அப்படி இருந்தும் அதை வயசுக்கு ஆதாரமா எடுத்துக்க முடியாதுன்னு 2024ல உச்ச நீதிமன்றமே ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குல சொல்லியிருக்கு. நம்ம டேபிள்ல மட்டும் எல்லாமே கல்வெட்டு மாதிரி உறுதி. லேப்ல கிட்னி வேலை செய்யற அளவைக் கணக்கு போடும்போது வயசும் உள்ள போகுது, அதனால தோராயம்னு தெரிஞ்சா டாக்டர் அதுக்கேத்த மாதிரி பாத்துக்குவாரு. ஒரு சின்ன காலம், உறுதியா தோராயமா. சேர்க்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது?

அலர்ஜிக்கு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, டிக் பண்ணலன்னா "இல்லை"ன்னு ஸ்டோர் ஆகும். இதைப் படிச்சதும் கேஷுவாலிட்டி சிஸ்டர்கிட்ட காட்டினேன், அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க, "கேட்டு இல்லைன்னு சொன்னாங்களா, இல்ல யாருமே கேக்கலையா?" டேட்டாபேஸ் உலகத்துல இது ரொம்பப் பழைய சண்டை, மேல சொன்ன எட்கர் கோட்டே பிற்காலத்துல காலியா இருக்கற இடத்துல, தெரியாததால காலி, பொருந்தாததால காலின்னு ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் தனித்தனியா குறிக்கணும்னு வாதாடினார். அந்த சிஸ்டர் கோட் பேரைக் கேள்விப்பட்டதே இல்ல, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்கத்துல வர்ற ஆளுக்கு பென்சிலின் ஊசி போடலாமான்னு முடிவு எடுக்க உதவி செய்யறது அவங்கதான், ஸ்க்ரீன்ல "இல்லை"ன்னு இருந்தா நம்பறதா வேண்டாமா? இருக்கு, இல்லை, கேக்கலைன்னு மூணு நிலை வேணும், யாரு கேட்டாங்க, என்னைக்குன்னும் வேணும்.

விலையை மாஸ்டர் டேபிள்ல (பொது விலைப் பட்டியல்ல) மட்டும் வச்சிருக்கீங்க, பில் வரியில இல்ல. ஏப்ரல்ல ரேட் மாத்தினா பிப்ரவரி பில்லை ரீபிரிண்ட் எடுக்கும்போது ஏப்ரல் ரேட்ல வரும், இன்சூரன்ஸ்காரங்க ரெண்டு பில்லையும் பக்கத்துல வச்சு கேள்வி கேப்பாங்க. பில்லிங்கை இவ்வளவு நுணுக்கமா போட்டவங்க இதை எப்படி விட்டாங்கன்னு எனக்கு ஆச்சரியம்தான். ஊர் பேரு வெறும் டைப் அடிக்கற கட்டம். டெங்கு சீசன்ல சுகாதாரத்துறைக்கு எந்த ஊர்ல எத்தனை கேஸ்னு அனுப்பணும், ஒரே பட்டியை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு ஸ்பெல்லிங்ல அடிச்சு வச்சிருக்கறதை எக்செல்ல போட்டு நான்தான் கையால ஒண்ணு சேக்கறேன்.

வேணும்ங்கறது இவ்வளவு விட்டுப்போச்சு, வேணாம்ங்கறது உள்ள வந்திருக்கு. மதம் கட்டாயம், குடும்ப வருமானம் கட்டாயம். யாரு கேட்டா? எந்த டாக்டர், எந்த டெஸ்க் அதை என்னைக்குப் பாக்கப்போறாங்க? காய்ச்சலோட வந்து நிக்கறவர்கிட்ட வருமானம் என்னன்னு கேக்க வேண்டியது நீங்க இல்ல, கவுண்டர் பொண்ணு. 2023ல வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் வாங்கறது எந்தக் காரியத்துக்கோ அந்தக் காரியத்துக்குத் தேவையான டேட்டா வரைக்கும்தான் செல்லும்னு சொல்லுது.

இந்த ஓட்டைங்க எல்லாம் ஒரே இடத்துல இருந்து வர்றதுதான். என்னென்ன டேட்டா நம்மகிட்ட இருக்குன்னு ஆரம்பிச்சு டேபிள் போட்டிருக்கீங்க, யாரு, எந்த நேரத்துல, எந்த அவசரத்துல, என்ன கேள்வியோட இந்த ஸ்க்ரீன் முன்னாடி வந்து நிப்பாங்கன்னு ஆரம்பிச்சிருந்தா டேபிள் வேற மாதிரி வந்திருக்கும். கேஷுவாலிட்டி சிஸ்டருக்கு அலர்ஜியும் பழைய ஈசிஜியும் பத்து செகண்ட்ல வேணும். ஓ.பி. பொண்ணுக்கு எட்டு செல்வியில எந்த செல்வின்னு ஊரை வச்சு, வீட்டுக்காரரை வச்சுக் கண்டுபிடிக்கணும். எனக்குப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டு வர்ற ஆளுக்கு சீட்டு தொலைஞ்சிருந்தாலும் எடுத்துக் குடுக்க வழி வேணும். இந்தக் கேள்விங்களை முதல்ல எழுதி வச்சுட்டு ஒவ்வொண்ணுக்கும் இந்த டேபிள்ல பதில் இருக்கான்னு கை வச்சுப் பாத்துட்டு வந்தாலே பாதி ஓட்டை காகிதத்துலயே தெரிஞ்சிருக்கும், ஒரு வரி ப்ரோக்ராம் எழுதறதுக்கு முன்னாடியே.

இப்ப மாத்தினா லேட் ஆகும், செலவு ஆகும்னு சொல்வீங்க, மேனேஜர் சார் ஏற்கெனவே குரூப்ல சொல்லிட்டார். இன்னைக்கு மாத்தறதுன்னா ஒரு பிடிஎஃப்ல நாலு கட்டத்தை மாத்தறது. கோ-லைவ் ஆகி (சிஸ்டம் நிஜமா ஓட ஆரம்பிச்சு) ஆறு மாசம் கழிச்சு மாத்தறதுன்னா அதுக்குள்ள ஏறின புள்ளி, பொய் நம்பர், 01/01 எல்லாத்தையும் சேத்து மாத்தறது, அதுல சிலதை மாத்தவே முடியாது. ரெண்டு பேரோட ரிப்போர்ட் ஒரே ஃபைல்ல கலந்துட்டா அதுல எது யாரோடதுன்னு எந்த சாஃப்ட்வேரும் பிரிச்சுக் குடுக்காது, அந்த மாதிரி ஃபைல் என் ரூம்ல இப்பவே இருக்கு.

அதனால கேக்கறேன். திங்கக்கிழமை கெடுவை ரத்து பண்ணுங்க, பதில் வரலன்னா சம்மதம்ங்கற வரியை வாபஸ் வாங்குங்க, "ஃபைனல்"ங்கற வார்த்தையை எடுத்துட்டு வரைவுன்னு போடுங்க. டிசைன் டீம்ல டேபிள் போடற ஆளே, மார்க்கெட்டிங் ஆளு இல்ல, ஓ.பி. கவுண்டர், கேஷுவாலிட்டி, லேபர் வார்டு, லேப், பார்மசி, இன்சூரன்ஸ் டெஸ்க், எங்க ரெக்கார்ட்ஸ் ரூம் எல்லாத்துலயும் ஒரு முழு ஷிஃப்ட் உக்காரட்டும், அதுல ஒண்ணாவது நைட் ஷிஃப்டா இருக்கட்டும். எல்லா நோட்டையும் போட்டோ எடுங்க, பேஷன்ட் பேரை மறைச்சுட்டு, ஒவ்வொரு காலத்துக்கும் புது டிசைன்ல இடம் எங்கன்னு எழுதிக் காட்டுங்க, இடம் இல்லன்னா ஏன்னு எழுதுங்க. மொபைல் நம்பர் மேல இருக்கற யூனிக்கை எடுங்க, லாஸ்ட் நேம் கட்டாயத்தை எடுங்க, பேரோட நீளத்தை எழுத்துக் கணக்குல வைங்க, பைட் கணக்கு வேண்டாம். தாய்-குழந்தை தொடுப்பு, அலர்ஜிக்கு மூணு நிலை, தேதி தோராயமாங்கற காலம், பில் வரியில அன்னைய விலை, ஊருக்குப் பொதுப் பட்டியல், இந்த அஞ்சும் முதல் வெர்ஷன்லயே வரணும், "ஃபேஸ் டூ"ன்னு தள்ளாதீங்க, இந்தப் பில்டிங்ல ஃபேஸ் டூ வந்து நான் பாத்ததில்ல. மதம், வருமானம் ரெண்டையும் எந்த டெஸ்க் கேட்டுச்சுன்னு பேரோட சொல்லுங்க, சொல்ல முடியலன்னா நீக்கிடுங்க.

திருத்தின டிசைனை எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் தமிழ்ல ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லி, நிஜமான பத்துப் பதினஞ்சு கேஸை, இரட்டைக் குழந்தையும் ஒரே பேரு செல்விங்களும் உட்பட, எங்க முன்னாடியே காகிதத்துல ஏத்திக் காட்டுங்க, கையெழுத்து அதுக்கப்புறம் வாங்குங்க. இதுல எதை ஏத்துக்கறீங்க, எதை ஏத்துக்கல, ஏன்னு அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு முன்னாடி எழுத்துல பதில் வேணும், வாட்ஸ்அப்ல வேண்டாம், நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு ஊழியன்